ஜூலைத் தாள்

வறுத்த கச்சான் கோதின் நிறம் என்பதால்
கச்சான் என்று கூப்பிட்டோம்.
பதினொரு வருடம் அந்தப் பெயருக்கு ஓடிவந்தான்.
இந்த ஜூலையில்
தலையை மட்டும் திருப்பினான்.

களுவாஞ்சிகுடி மிருக வைத்தியர்
குருநாகல் பக்கத்துப் பிள்ளை, தமிழ் அரைகுறை.
இரத்த றிப்போட்டை மேசையில் வைத்து
"கிட்னி ரெண்டும் ஏலாது ஐயா" என்றார்.
மறுகா கொஞ்ச நேரம் சொல் தேடினார்.
"வீட்டில கலண்டர் இருக்குதானே?
நல்ல நாளுக்கு வட்டம். கெட்ட நாளுக்குக் கோடு.
கோடு கூடினா சொல்லுங்க.
நான் ஊசி போடுறேன். நோகாது."

நகைக்கடைக் கலண்டர். ஜூலைத் தாளில்
மயிலேறிய முருகன்.
அவர் காலடியில் நூலில் கட்டிய என் நீலப்பேனை.

ஒன்றாம் திகதி அரை முட்டை தின்றான். வட்டம்.
இரண்டாம் திகதி தின்னவில்லை. ஆனால்
ஆட்டோச் சத்தத்துக்குக் காதை நிமிர்த்தினான். வட்டம்.
ஐந்தாம் திகதி சத்தி, மஞ்சளாய், மூன்று தரம்.
கோமளேஸ் துடைக்கக் குனிந்தபோது
அவள் மணிக்கட்டை நக்கினான்.
நக்கினதுக்கு ஒரு வட்டம் போடலாம்தானே.

சேலைன் போத்தலும் அதே ஆணியில்தான் தொங்கியது.
தோலுக்குக் கீழே ஏறிய நீர்
தோளில் ஒரு திமிலாய்த் தளம்பும்.
"மாடாகிட்டாய்டா நீ" என்று சிரித்தாள்.
சிரித்துவிட்டு எழும்பிக் கிணற்றடிக்குப் போய்
வெகுநேரம் முகம் கழுவினாள்.

வெளியே களுதாவளை மணல் கொதிக்கும்.
வெற்றிலைத் தோட்டத்துக்குள் மட்டும் குளிர்.
நாலாவது வரிசையில்
அவன் படுக்கவென்று பறித்த பள்ளம்.
காலையில் தண்ணீர் ஊற்றியதும்
தூக்கிக்கொண்டுபோய் அதில் வைப்பேன்.
அரை மூடை உரம் கனத்தவன்.
இப்போது கை மறந்துவிடும், எதையோ தூக்கியிருக்கிறோம் என்று.

இருபத்தேழாம் திகதி இரவு
கோமளேஸ் தாளைப் புரட்டிக் காட்டினாள்.
பின்பக்கம், பென்சிலில், அவள் கணக்கு.
என் பக்கம் வட்டம் இருபத்தைந்து.
அவள் பக்கம் ஒன்பது,
பதினாறாம் திகதியோடு சரி.
"நீங்க உங்களுக்குப் போட்டிருக்கிறீங்க" என்றாள்.
சண்டைக்குச் சொல்லவில்லை.

டொக்டர் வீட்டுக்கே வந்தார்.
ஈரமணலில் முழங்காலூன்றி
பெயரென்ன என்று கேட்டார். சொன்னேன்.
"காத்தா?"
"கடலையும்தான்."
ஊசி ஏற முதல்
அவரும் ஒருதரம் கூப்பிட்டார்,
கடைசி எழுத்தை இழுத்து, தன் நாக்குக்கு வந்தபடி.
அதற்கும் வால்நுனி அசைந்தது.

மைத்துனர் சிவகடாட்சம் வேலிக்கப்பால் நின்று
"நாயை வெத்திலைக்குள்ள தாட்டா
தீட்டுப்பட்டுக் கொடி கருகும்,
கடற்கரைக்குக் கொண்டுபோ" என்றார்.
கேட்டுக்கொண்டே வெட்டினேன்.
அதிகம் வெட்ட இருக்கவில்லை.
பாதிக் கிடங்கை அவனே வெட்டி வைத்திருந்தான்.

கொடி கருகவில்லை.
செழிக்கவுமில்லை. செழித்ததாகச் சொல்ல
எனக்கும் ஆசைதான்.
மற்ற வரிசைகளைப்போலவே நின்றது.
ஆவணியில் அதில் கிள்ளிய முதல் கட்டு
கோயில் பூசைக்குப் போனது.
வந்து வாங்கிப்போனவர் சிவகடாட்சம்.
இளங்கொழுந்து, நல்ல வாசம் என்றார்.
நான் காசை எண்ணிக்கொண்டிருந்தேன்.

ஓகஸ்ட் தாளில் லட்சுமி.
வட்டமில்லை, கோடுமில்லை.
பேனை நூலில் ஆடும்.
பின்னேரக் காற்று வந்து கதவைத் தள்ளுகையில்
குசினிக்குள்ளிருந்து
"கச்சான்" என்பாள் கோமளேஸ்.
காற்றைத்தான் சொல்கிறாள் என்று
இரண்டு பேரும் வைத்துக்கொண்டிருக்கிறோம்.